முட்டியில் வலி, படத்தில் ஒன்றுமில்லை

பிள்ளை நொண்டினால் நம் வீடுகளில் எழும் முதல் பேச்சு, "ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாம்" என்பதுதான். குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்குப் பஸ் ஏறும்போதே அது முடிவாகிவிடுகிறது. பெரம்பலூர் டாக்டர் "எக்ஸ்ரே போதும்" என்று சொன்னால் மனசு ஆறுவதில்லை. திருச்சிக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் பெற்ற கடன் தீர்ந்த மாதிரி. காசு கூடினால் மெஷின் பெரிதாகும், மெஷின் பெரிதானால் நோய் தப்பிக்காது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். பெரியவர்கள் விஷயத்திலேயே அது பாதி தப்பு. வளரும் பிள்ளையின் எலும்பு விஷயத்தில் முழுத் தப்பு.

ஆறேழு வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். ஒரு மாதமாக முட்டி வலிக்கிறது என்கிறான். விளையாடிவிட்டு வந்தால் நொண்டல், காலையில் கொஞ்சம் தேவலை. முட்டிக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், ஒன்றுமில்லை. அப்பாயி தைலம் தேய்க்கிறார். வலி போகாததால் கடன் வாங்கி முட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அதிலும் ஒன்றுமில்லை. இனி என்ன, பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகாமலிருக்க நடிக்கிறான் என்று தீர்ப்பாகிவிடும். முதுகில் இரண்டு விழுந்தாலும் விழும்.

படம் பொய் சொல்லவில்லை. முட்டியில் நிஜமாகவே ஒன்றுமில்லை. நோய் இருப்பது இடுப்பு மூட்டில். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பின் கிளைகளே முட்டிப் பக்கமும் போவதால், இடுப்பில் நோய் உள்ள பிள்ளைகள் பலர் கையை முட்டியில்தான் வைத்துக் காட்டுவார்கள். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று, அது நொறுங்கித் தட்டையாகும் பெர்தஸ் நோய் இப்படித்தான் ஏமாற்றும். நாலிலிருந்து எட்டு வயதுக்குள் அதிகம் வரும். பெண்பிள்ளைகளைவிட ஆண்பிள்ளைகளுக்கே கூடுதல். கர்நாடகக் கடலோரத்தில் இந்நோய் அதிகம் என்பதை மணிப்பாலில் இருந்த குழந்தை எலும்பு மருத்துவர் பெஞ்சமின் ஜோசப்பும் அவருடைய குழுவினரும் எழுதியிருக்கிறார்கள். பத்து வயதுக்கு மேல், உடம்பு கனத்த பிள்ளைக்குத் தொடை எலும்பின் தலை, எலும்பு வளரும் குருத்தெலும்புத் தட்டான வளர்தட்டில் வழுக்கி விலகும் இன்னொரு நோய் உண்டு. அதுவும் முட்டி வலி என்றுதான் வரும்.

இதைக் கண்டுபிடிக்க என்ன வேண்டும்? ஒரு கட்டில், ஒரு ஜோடிக் கை. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். அப்போது தொடை உள்பக்கமாகச் சுழலும். நோயுள்ள பக்கம் சுழலாமல் நிற்கும், பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அரை நிமிஷ வேலை. அதன்பிறகு இரண்டு இடுப்பும் தெரிய ஓர் எக்ஸ்ரே, தவளை மாதிரி காலை விரித்துவைத்து இன்னொன்று. பெர்தஸின் ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அப்போது இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எழுதினால் அது நியாயமான செலவு. கை போகாத இடத்துக்கு மெஷினை மட்டும் அனுப்பினால் அது முட்டியைத்தான் படம் எடுக்கும், இடுப்பை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அடுத்து முழங்கை. மரத்திலிருந்தோ திண்ணையிலிருந்தோ கையை ஊன்றி விழும் பிள்ளைகளுக்கு அடிபடும் இடம். பிறக்கும்போது இந்த மூட்டின் முனைகளெல்லாம் குருத்தெலும்பு. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு விழாது. ஏறக்குறைய ஒரு வயதில் ஓர் எலும்புப் புள்ளி தோன்றும், மூன்று வயதுவாக்கில் இரண்டாவது. இப்படிப் பதினோரு வயதுக்குள் ஆறு புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நட்ட மறுநாள் சின்ன வெங்காய வயலைப் படம் எடுத்தால் மண் மட்டும் தெரிவதுபோலத்தான் நாலு வயதுக் குழந்தையின் முழங்கைப் படமும். அதில் தெரியும் இடைவெளி முறிவாக இருக்கவேண்டியதில்லை; உண்மையான முறிவு கண்ணில் படாமலும் போகலாம். 1963-இல் கனடாவின் சால்ட்டரும் ஹாரிஸும் வளர்தட்டு முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் எலும்பு விலகாமலிருந்தால் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். ஆகவே அனுபவமுள்ளவர் படத்தில் எலும்பை மட்டும் பார்ப்பதில்லை. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து பின்பக்கக் கொழுப்பைத் தள்ளியிருக்கிறதா, கறுப்பு நிழல் ஒன்று விழுந்திருக்கிறதா என்று தேடுவார். சந்தேகம் இருந்தால் நல்ல கையையும் படம் எடுத்து ஒப்பிடுவார். பிறகு படத்தில் முறிவே தெரியாத கைக்கு மாவுக்கட்டு போட்டு, "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, இன்னொரு படம் எடுக்கலாம்" என்பார். அதற்குள் புது எலும்பு பூத்திருக்கும், முறிந்த இடம் தெரிந்துவிடும்.

வீட்டில் கலகம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "படத்துல ஒண்ணுமில்லங்குறாரு, அப்புறம் எதுக்குக் கட்டு?" நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது. அடுத்த நாள் கட்டைப் பிரித்துவிட்டு, ஆந்திரத்துப் புத்தூரின் பெயரில் பலகை மாட்டிய ஏதோ ஒரு கட்டுக்காரரிடம் போகிறார்கள். வீங்கிய முழங்கையில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் கைக்குப் போகும் ரத்தம் நின்று, தசை செத்து, விரல்கள் மடங்கிப்போகும். இறுக்கிய கட்டால் வரும் இந்த ஊனத்தை 1881-லேயே ஜெர்மனியின் வோல்க்மான் எழுதிவைத்துவிட்டார். இன்றும் அவர் பெயரில்தான் அது அழைக்கப்படுகிறது. படத்தைத் தெய்வமாகக் கும்பிடுகிறவர், அது வாய் திறக்காவிட்டால் அடுத்த கணமே அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார். ஸ்கேன் மோகத்துக்கும் கட்டுக்காரர் மோகத்துக்கும் தூரம் அதிகமில்லை என்பது என் எண்ணம். சந்தேகத்தோடு இரண்டு வாரம் பொறுக்க முடியாமைதான் இரண்டுக்கும் வேர்.

பொறுக்கவே கூடாத நோயும் இருக்கிறது. காய்ச்சல், ஒரு காலை ஊன்ற மறுப்பு, தொட்டால் அலறல்: எலும்புக்குள் சீழ் பிடித்திருக்கலாம். இந்நோயில் முதல் பத்துநாள் வரை எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே தெரியும். எலும்பு அரித்து நிழல் விழுகிற நாளில் சிகிச்சைக்கான நல்ல நேரம் கடந்துபோயிருக்கும். செத்த எலும்புத் துண்டு உள்ளேயே கிடந்து வருஷக்கணக்கில் சீழ் வடியும். "எக்ஸ்ரே நார்மல்" என்ற சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் வீட்டுக்குத் திரும்புவது இந்த நோயில் எவ்வளவு பெரிய ஆபத்து என்று பாருங்கள். தேவை ரத்தப் பரிசோதனை, மூட்டில் நீர் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண அல்ட்ராசவுண்டு, சந்தேகம் வந்தால் ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பது. இதற்கும் எம்.ஆர்.ஐ. உதவும்தான். ஆனால் அதற்கு நாள் கிடைக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போட்டால் கெடுவது பிள்ளையின் கால்.

அல்ட்ராசவுண்டை நாம் கர்ப்பிணிகளுக்கு மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டோம். பிறந்த குழந்தையின் இடுப்பு விலகியிருக்கிறதா என்று முதல் நாலைந்து மாதங்களில் பார்க்க அதைவிடச் சிறந்தது கிடையாது. எலும்புப் புள்ளி தோன்றியபிறகுதான் எக்ஸ்ரேவுக்கு அங்கே வேலை. கதிர்வீச்சும் இல்லை, மயக்கமும் வேண்டாம், செலவும் குறைவு. செலவு குறைவு என்பதாலேயே அதற்கு மரியாதை இல்லையோ என்னவோ.

கதிர்வீச்சு என்றதும் இன்னொரு கூத்து நினைவுக்கு வருகிறது. "எக்ஸ்ரே வேண்டாம் சார், பச்சப்புள்ள, கதிர் பட்டா ஆகாது" என்று மணிக்கட்டு எக்ஸ்ரேவுக்குப் பயப்படும் அதே அம்மா, பிள்ளை கட்டிலிலிருந்து விழுந்தால் "தலைக்கு ஸ்கேன் எடுத்துடுங்க" என்று நிற்பார். கை, கால் எக்ஸ்ரே ஒன்றின் கதிர், நம்மைச் சுற்றியுள்ள மண்ணும் வானமும் ஒரே நாளில் தருவதைவிடக் குறைவு. தலை சி.டி. ஸ்கேனோ பல மாதக் கணக்கு. 2012-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு, பத்து வயதுக்குட்பட்ட 10,000 பேருக்குத் தலை சி.டி. எடுத்தால் அடுத்த பத்தாண்டில் கூடுதலாக ஒரு ரத்தப் புற்றும் ஒரு மூளைக் கட்டியும் வரலாம் என்று கணித்தது. சிறிய ஆபத்துதான், மறுக்கவில்லை. தேவையான பிள்ளைக்கு அதை ஏற்கத்தான் வேண்டும். தேவையில்லாதவனுக்கு எதற்கு? 2009-இல் அதே இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், தலையில் அடிபட்டு ஏறக்குறைய முழு நினைவோடு வந்த 42,412 பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூளைக்கு அறுவை தேவைப்பட்டவர்கள் 60 பேர். நினைவு, வாந்தி, விழுந்த உயரம், மண்டைத்தோல் வீக்கம் இவற்றைக் கவனமாகப் பார்த்தால் யாருக்கு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதே அந்த ஆய்வின் முடிவு.

எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் அந்தக் குழாய்க்குள், அந்தச் சத்தத்தில், அரைமணி நேரம் ஆடாமல் படுக்க மூன்று வயதுக் குழந்தையால் முடியாது. பட்டினி போட்டு மயக்க மருந்து கொடுக்கவேண்டும். வளைகாலுக்காக இவ்வளவும் செய்கிறவர்கள் உண்டு. இரண்டு வயதுவரை கால் சற்று வெளிப்புறம் வளைந்திருப்பதும், மூன்று நாலு வயதில் முட்டிகள் இடிப்பதும், ஏழு வயதுவாக்கில் நேராவதும் வளர்ச்சியின் வழி. அந்தக் கணக்கில் அடங்காமல் வளைவு கூடினாலோ, ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மணிக்கட்டு தடித்திருந்தாலோ ரிக்கெட்ஸ் முதலியவற்றைத் தேடவேண்டும். அதற்கு மணிக்கட்டிலும் முட்டியிலும் எக்ஸ்ரே, கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி பார்க்கும் ரத்தப் பரிசோதனை போதும்.

குற்றம் பெற்றோருடையது மட்டுமல்ல. புறநோயாளிப் பிரிவில் கூட்டம் கதவுவரை நிற்கும்போது பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்க்க நேரமில்லாத மருத்துவருக்கு ஸ்கேன் சீட்டு எழுதுவது சுலபம். சீட்டு எழுதுகிறவருக்கு ஸ்கேன் சென்டர் பங்கு கொடுப்பதை 2002-இன் மருத்துவ நெறிமுறை விதிகள் தடுத்திருக்கின்றன. தடுக்கவேண்டிய அளவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது என்றுதானே அர்த்தம்? அரசியல்வாதிகளும் நம்மைப் படித்துவைத்திருக்கிறார்கள். புது மெஷினுக்கு ரிப்பன் வெட்டினால் போட்டோ வரும். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக்குக் குழந்தை எலும்பு மருத்துவர் எத்தனை பேர் வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில், அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் மருத்துவக் குழு வரவேண்டும். வளைபாதம், இடுப்பு விலகல், ரிக்கெட்ஸ் மூன்றும் அவர்கள் தேடவேண்டிய பட்டியலில் இருக்கின்றன. அந்தக் குழு ஸ்கேன் மெஷினோடு வருவதில்லை. கண்ணாலும் கையாலும் பார்த்துச் சந்தேகப்பட்ட பிள்ளையை மேலே அனுப்புகிறது. நாட்டின் ஆகப்பெரிய குழந்தைப் பரிசோதனை இப்படித்தான் நடக்கிறது. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெற்றோர்தான் மறுமாதம் எம்.ஆர்.ஐ.க்கு வட்டிக்குப் பணம் தேடுகிறார்கள்.

பிள்ளை நொண்டினால் டாக்டரிடம் "ஸ்கேன் எழுதுங்க" என்று சொல்லாதீர்கள். "இடுப்பைத் திருப்பிப் பாத்தீங்களா? எதைச் சந்தேகப்பட்டு இந்தப் படம்? படத்துல ஒண்ணும் தெரியலன்னா அடுத்து என்ன, எப்ப வரணும்?" என்று கேளுங்கள். பழைய படங்களை வீசாமல் தேதிவாரியாக ஒரே உறையில் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு காலை ஊன்ற மறுக்கிற குழந்தையை, கையில் எத்தனை நார்மல் ரிப்போர்ட் இருந்தாலும், அன்றைக்கே பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். 108-க்கு அடித்தால் வண்டி வரும்.