எந்தப் பக்கத்து நாவல்?

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஸாமியாட்டின் 1920-21 காலப்பகுதியில் எழுதிய 'நாம்' என்னும் விஞ்ஞானப் புனைகதை நாவல், அவரது தாய்நாட்டில் அச்சேறுவதற்கு 1988 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்போ 1924இலேயே நியூயோர்க்கில் வெளிவந்துவிட்டது. முழுமையான ரஷ்ய மூலமும் 1952இல் அதே நகரில்தான் நூலுருப் பெற்றது.

பெயர்களுக்குப் பதிலாக எண்களைத் தாங்கிய மாந்தர், கண்ணாடிச் சுவர் வீடுகளில், அரசு வகுத்த நேர அட்டவணைப்படி வாழும் எதிர்கால உலகமே கதைக்களம். விண்கலம் அமைக்கும் பொறியியலாளன் டி-503 காதல்வயப்படுகிறான். தனக்குள் ஓர் ஆன்மா முளைத்திருப்பதை நோயெனக் கருதி அஞ்சுகிறான். இறுதியில் அரசு சத்திரசிகிச்சை செய்து அவனது கற்பனையை அகற்றிவிடுகிறது.

சோவியத் விமர்சகர்கள் இதனைப் புரட்சிக்கு எதிரான அவதூறாகவே கண்டனர். பிராக் நகரில் வெளிவந்த ரஷ்யப் புலம்பெயர் சஞ்சிகையொன்று 1927இல் இதன் பகுதிகளை வெளியிட்டதைச் சாட்டாக வைத்து, 1929இல் ஆசிரியர்மீது கண்டனப் பிரசாரம் மூண்டது. 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி, அனுமதி பெற்று வெளியேறிய அவர், 1937இல் பாரிஸில் காலமானார். பனிப்போர்க் கால மேற்குலகமோ அதே நூலைப் பெரிதும் சோவியத் எதிர்ப்புச் சாசனமாகப் போற்றியது. இகழ்ந்தவரும் புகழ்ந்தவரும் ஒரே விதமாகவே வாசித்தனர்.

ஆனால், நாவலின் அரசு போற்றும் முன்னோடி மார்க்ஸ் அல்லர். தொழிலாளரின் ஒவ்வோர் அசைவையும் அளந்து வகுத்த அமெரிக்கரான டெய்லர். ஸாமியாட்டின் 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் போல்ஷிவிக்காகப் பங்குகொண்டு ஜார் மன்னரின் சிறையையும் கண்டவர். 1916-17இல் இங்கிலாந்தின் கப்பல் கட்டும் தளங்களில், பனிக்கட்டி உடைக்கும் கப்பல்களின் நிர்மாணத்தை மேற்பார்வை செய்தவர். மனிதனை இயந்திர உறுப்பாக்கும் போக்கை அவர் இரு திசைகளிலும் கண்டிருந்தார். நாவலின் இலக்கு ஒரு தனி நாடன்று, இயந்திர நாகரிகமே என்பதை 1946இல் எழுதிய மதிப்புரையில் ஜோர்ஜ் ஓர்வெல் உணர்த்தினார்.

புலம்பெயர்ந்த நம்மிடையே வெளிவரும் நூல்களையும் 'இவர் எந்தப் பக்கம்?' என்ற கேள்வியுடனேயே திறக்கிறோம். யுத்தத்தில் வீடிழந்தவர்களுக்கு அக்கேள்வி இயல்பானதே. எனினும், விடை கிடைத்ததும் நூலை மூடிவிடுவோமாயின், தணிக்கையாளன் செய்யும் வேலையை நாமே கூலியின்றிச் செய்தவர்களாவோம். எழுதியவரின் பக்கத்தை அறிந்த பின்னரும் அவர் எழுதியதை இறுதிவரை வாசிப்பதே விமர்சனத்தின் முதற் கடமை.