மடலும் முத்திரையும்

நிறுவனமொன்றின் மின்னஞ்சல் திரும்பிவரின், வழங்கியைப் பராமரிப்போர் பலர் அதன் அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றத் தலைப்படுகின்றனர். இது முறையன்று என்பதே எமது கருத்து. திரும்பிய மடலிலேயே காரணம் குறிக்கப்பட்டிருக்கும். அதன் குறியெண் 4 இல் தொடங்கின் தடை தற்காலிகமானது; வழங்கி தானே மீண்டும் முயலும். 5 இல் தொடங்கின், குறையைத் திருத்தாது மீண்டும் அனுப்புதல் வீண்.

1982 இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.ரி.பி. நெறிமுறை, அனுப்புநரின் பெயர் மெய்யோவென ஆராயவில்லை. அக்குறையை நிரப்பவே மூன்று காவல்கள் எழுந்தன. எஸ்.பி.எவ்., எம் பெயரால் அனுப்பத்தக்க வழங்கிகள் எவையெனக் கூறும், டி.கே.ஐ.எம்., மடலுக்கு முத்திரையிடும். டிமார்க், இவ்விரண்டிலும் தேறாத மடலை யாது செய்வதென அறிவிக்கும். ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புவோர்க்கு, 2024 பெப்ரவரியில் கூகிள் இம்மூன்றையும் கட்டாயமாக்கியது.

சிறு நிறுவனத்தார், இது தமக்குரியதன்றென வாளாவிருத்தல் தகாது. தம் பெயரில் வந்த பொய்ம்மடலை நம்பி வாடிக்கையாளர் பணமிழந்தபின் வருந்தி என்ன பயன்? இத்தொழில் புகும் எம் மாணவர், முதலிற் பதிவேட்டை வாசித்து, ஒருவேளையில் ஒன்றனையே மாற்றும் ஒழுங்கைப் பழகுவாராக.