உப்பிட்ட கை

கைகுலுக்கி மரியாதை செய்யும் தேசத்தாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. எதிரே நிற்பவருடைய உள்ளங்கை மிருதுவா, முரடா என்பது ஒரு கணத்தில் தெரிந்துவிடும். நாமோ கை கூப்பி வணங்குகிறவர்கள். நம்முடைய வலக்கைக்குத் தெரிவது நம்முடைய இடக்கை ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, ஒரே வீட்டில் முப்பது வருஷம் கூடி வாழ்ந்த பின்னும், அன்றாடம் நமக்குச் சோறு பரிமாறும் கை எந்த நிலையில் இருக்கிறதென்று நம்மில் பலர் அறிவதில்லை.

சமீபத்தில் தூத்துக்குடியில் ஒரு சிநேகிதர் வீட்டில் சாப்பிட நேர்ந்தது. ரசத்தில் பிழிவதற்காக எலுமிச்சம்பழத்தை நறுக்கி எடுத்து வந்த அந்த வீட்டு அம்மாள், அதைக் கணவரிடம் நீட்டி, "இதை நீங்களே பிழிந்து விடுங்கள்" என்றார்.

"ஏன், உன் கைக்கு என்ன?" என்று கேட்டார் சிநேகிதர்.

"நாலு மாதமாக வெடித்திருக்கிறது. புளிப்புப் பட்டால் எரிகிறது."

சிநேகிதர் திகைத்துப் போனார். பிறகு, தாம் அறியாமலிருந்த குற்றத்தை மறைப்பதற்காகவோ என்னவோ, "காலை முதல் இரவு வரை தண்ணீரில் அளைகிற கை எப்படி வறண்டு போகும்?" என்று நம்மைக் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்கு விடை அவர் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே இருந்தது. மறுநாள் விடியற்காலையில் அவரையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வெளியேயுள்ள உப்பளங்களுக்குப் போனோம்.

* * *

தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால், ஐப்பசி மழை வரும் வரையில் தூத்துக்குடிக் கரையில் உப்பு விளையும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றி, பாத்தியில் உப்பாக உறையும் சமயத்தில் அதன் உறைப்பு எட்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. இந்த நீரில் கால் புதைய நின்று, வாருபலகையால் உப்பை வாரி, வரப்பில் ஒதுக்கி, பெட்டியில் சுமந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். வெயிலுக்கு அஞ்சி இருட்டோடேயே வேலை தொடங்கிவிடுகிறது. சுமப்பவர்களில் பெரும்பாலோர் ஸ்திரீகள்.

அவர்களில் ஓர் அம்மாள் நாம் கேட்டுக்கொண்டதன் பேரில் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுதும் காய்ப்பு. காய்ப்பின் நடுவே கோடு கோடாக வெடிப்பு. வெடிப்புக்குள் உப்பு. புண்ணில் உப்பைத் தடவினாற்போல் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லுகிறோம். இங்கே அது உவமை இல்லை, தினசரி உத்தியோகம்.

"எண்ணெய் தடவுவதில்லையா, அம்மா?" என்று கேட்டோம்.

"வேலைக்கு வரப்போ தேச்சா பலகை கையில நிக்காதுய்யா, வழுக்கிட்டுப் போவும். ராத்திரி படுக்கப் போறப்போ தேச்சாத்தான் உண்டு" என்றார் அவர்.

கை வைத்தியத்தின் முக்கியமான விதி ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வருவோம்.

* * *

நம்முடைய சருமத்தின் மேற்படலம் உயிரற்ற செல்களால் ஆனது. அவை ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. ஓடுகளின் இடுக்கை அடைக்கும் காரையாக ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. உடம்பின் ஈரம் வெளியே ஓடாமலும், வெளியிலுள்ள காரங்கள் உள்ளே புகாமலும் காப்பது இந்தக் காரைதான். உடம்பின் மற்ற இடங்களில் மயிர்க்கால்களை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகளும் கொஞ்சம் உதவி செய்கின்றன. உள்ளங்கையிலோ வியர்வைச் சுரப்பிகள் ஏராளம். எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. அதிகமாக உழைக்கும் அங்கத்துக்கு இயற்கை அளித்திருக்கும் எண்ணெய்ப் படி அவ்வளவுதான்!

தண்ணீரில் கை ஊறும்போது ஓடுகள் உப்புகின்றன. இடுக்கிலுள்ள கொழுப்புக் குலைகிறது. உலரும்போது, வந்த ஈரத்தோடு இருந்த ஈரமும் சேர்ந்து போய்விடுகிறது. சவர்க்காரத்தின் தொழிலே எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது. பாத்திரத்தின் எண்ணெய் எது, கையின் எண்ணெய் எது என்று அதற்குப் பேதம் தெரியாது. வெந்நீர் சேர்ந்தால் கொள்ளை இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே, தண்ணீரில் அளைகிற கை எப்படி வறளும் என்று கேட்ட சிநேகிதருக்கு நாம் சொன்ன பதில்: "தண்ணீரில் அளைவதனால்தான் வறளுகிறது." நாளொன்றுக்கு இருபது தடவை நனைந்து இருபது தடவை உலரும் கை, ஒரே தடவை நெடுநேரம் நனையும் கையைவிடவும் கஷ்டப்படலாம். 2020-ல் தொற்று நோய்க்கு அஞ்சி ஊரெல்லாம் ஓயாமல் கை கழுவியபோது இந்த உண்மையைப் பலர் தங்கள் கையிலேயே கண்டார்கள்.

அளத்தில் இதற்கு மேலும் ஒரு துன்பம் சேருகிறது. உறைப்பான உப்புநீர் சருமத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. ஓயாமல் உராய்வதால் உள்ளங்கை தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கிறது. தடித்த தோல் வளைந்து கொடுக்காது, வளையாதது வெடிக்கும். இந்தக் கடலின் முத்துச் சிப்பியும் தன்னை உறுத்துவதைப் படலம் படலமாகப் பூசித் தற்காப்புச் செய்துகொள்ளுகிற பிராணிதான். அந்தப் பூச்சுக்கு ராஜாக்கள் விலை கொடுத்தார்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆயினும் முத்து நகர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. உப்பு வாருகிறவளின் காய்ப்புக்கு மட்டும் யாரும் விலையோ பெயரோ கொடுத்ததில்லை.

* * *

இனி, செய்ய வேண்டியவை. செலவு அதிகமில்லை, ஞாபகம்தான் வேண்டும்.

பாத்திரங்களை அப்போதைக்கப்போது ஒவ்வொன்றாகக் கழுவாமல் சேர்த்து வைத்து ஒரே வேளையில் கழுவுவது நலம். ரப்பர் உறை அணிவதானால் உள்ளே மெல்லிய பருத்தி உறை ஒன்று இருக்கட்டும். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே கழற்றிவிட வேண்டும். கழுவிய பின் விரலிடுக்கிலும் மோதிரத்தின் அடியிலும் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. பிறகு, கை முழுதும் உலர்ந்து போவதற்கு முன்பே தேங்காய் எண்ணெயோ வாஸலினோ சிறிது தடவ வேண்டும். எண்ணெய் தானாக ஈரத்தைக் கொண்டு வருவதில்லை. இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. காய்ந்த கையில் தடவுவது, வெறும் பெட்டிக்குப் பூட்டுப் போடுவது போலத்தான்.

இரவில் படுக்கப் போகுமுன் சற்றுத் தாராளமாகத் தடவிப் பழைய பருத்தி உறையை மாட்டிக்கொண்டு தூங்கலாம். அளத்து அம்மாள் சொன்ன விதி இதுதான்: வேலையற்ற நேரமே கைக்கு மருந்து நேரம். வெடிப்பு ஆழமாயிருந்தால், பரிமளம் கலந்த நீர்த்த தைலங்களைவிட வாஸலின் போன்ற கெட்டிப் பூச்சே மேல். வெடித்த கையில் எலுமிச்சைச் சாறு தேய்ப்பதும் பிளீச்சிங் தூளில் துழாவுவதும் கூடவே கூடாது. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொல்லாமல் வாரக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துபோகும்.

எல்லா வறட்சியும் வறட்சியன்று. ஒரு கை மட்டும் செதில் செதிலாக உரிந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், எண்ணெயால் போகாது. நீர்க்கொப்புளமும் கடும் அரிப்பும் கண்டாலும், சீழ் வைத்தாலும், பத்திய முறைகளில் பதினைந்து நாள் போக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். உணர்ச்சியற்ற தேமல் ஒன்று தென்பட்டால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். குஷ்டத்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாக மருந்து தருகிறார்கள். உரிய காலத்தில் உண்டால் பூரணமாகக் குணமாகிறது.

* * *

இத்தனையும் சிநேகிதரின் மனைவிக்குச் சொல்லலாம். அளத்து அம்மாளுக்கு எப்படிச் சொல்வது? நல்ல தண்ணீரில் கழுவிக்கொள் என்றால், அளத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவாள்? உறை அணிந்துகொள் என்றால், அதனுள் உப்புநீர் புகுந்துவிட்டால் வெறுங்கையைவிடக் கேடு. உறை கொடுப்பவர் மாற்று உறையும், கை கழுவ நன்னீரும், கழுவுவதற்கு அவகாசமும் சேர்த்துக் கொடுத்தாலன்றி அந்தத் தர்மம் முழுமையாகாது.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து சென்று உப்பை அள்ளியபோது, உப்பு ஒட்டிய கை தேச பக்தியின் அடையாளமாயிற்று. சத்தியாக்கிரகிகள் அள்ளியது சில பிடி. இந்த ஸ்திரீகள் ஆயுள் முழுதும் அள்ளுகிறார்கள். இதே தூத்துக்குடியில் 1908-ல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களுடைய பக்கம் நின்றார். ஊராரும் துணை நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வும் கிடைத்தன. பிறருடைய கஷ்டத்தைத் தன் கஷ்டமாகக் கொள்வது இந்த ஊருக்குப் புதிதன்று.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறோம். உப்பிட்டவர் யார் என்று கேட்டால் விருந்தளித்தவரைச் சுட்டிக் காட்டுவோம். அவருக்கும் முன்னால் உப்பிட்டவள் ஒருத்தி பாத்தியில் நிற்கிறாள்.

ஊர் திரும்பிய பின் சிநேகிதரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ராத்திரிப் பாத்திரங்களைத் தாமே கழுவுவதாகவும், மனைவியின் வெடிப்பு ஆறி வருவதாகவும் எழுதியிருந்தார். தமது கைதான் இப்போது கொஞ்சம் வறளுகிறதாம். அவசரமாகத் தேங்காய் எண்ணெயைச் சிபாரிசு செய்து பதில் எழுதினோம்.