கைபடும் இடத்துக்கு எந்தப் பூச்சு?

போன பொங்கலுக்கு என் மகள் வயிற்றுப் பேரன் ஒரு பெட்டி செய்தான். ஆள் உயரம் இருக்கும். உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர், மேலே திரை, இடுப்பு உயரத்தில் ஒரு சாய்வுப் பலகை, அதில் ஒரு குச்சியும் ஆறு பொத்தான்களும். அந்தக் காலத்தில் காசு போட்டு ஆடிய வீடியோ கேம் பெட்டியின் அச்சு அசல். ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ 1978-இல் வந்தது, ‘பேக்மேன்’ 1980-இல். இரண்டும் அதில் ஆடும்.

சேலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அதை வைத்தோம். ஆளுக்கொரு மூலையில் கைப்பேசியோடு குனிந்து கிடந்த தெருப் பிள்ளைகள், ஒரே பெட்டி முன்னால் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். என் முறை, உன் முறை என்று சண்டை வேறு. பிள்ளைகள் சண்டை போட்டுக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று!

மூன்றே மாதம். சித்திரை வெயிலில் சாய்வுப் பலகையின் கறுப்பு எனாமல் பிசுபிசுத்தது. மணிக்கட்டு படும் இடத்தில் தோல் உரிவதுபோல் உரிந்தது. அடியிலிருந்த எம்.டி.எஃப். பலகை, திண்ணை கழுவும் தண்ணீரைக் குடித்து ரொட்டி மாதிரி உப்பிவிட்டது. “விடுங்க அப்புச்சி, பழைய சாமான் கடைக்குப் போட்டுரலாம்” என்றான் பேரன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தப்பு என்னுடையது. பொங்கலன்று பிள்ளைகள் ஆடியே ஆக வேண்டும் என்று அவசரப்படுத்தியவன் நான். போகி இரவு கடைசிப் பூச்சு, மறுநாள் காலை ஆட்டம். எனாமல் ஒரு ராத்திரியில் காய்ந்ததுபோல் இருக்கும், தொட்டால் ஒட்டாது. உள்ளே இறுக நாட்கள் அல்ல, சில சமயம் வாரங்களே ஆகும். காய்வது வேறு, இறுகுவது வேறு. எழுபது தாண்டி இதைக் கற்றுக்கொண்டேன்.

மறுபடி செய்வோம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். உடனே ஆளுக்கொரு யோசனை.

என் யோசனை ‘பிரெஞ்சு பாலிஷ்’. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அந்தப் பெயரில் ஒரு பெருமை. பிரெஞ்சுக்காரர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. ‘வெர்னி ஓ தம்போன்’ என்பார்கள், துணிப்பந்தால் தேய்க்கும் வார்னிஷ் என்று பொருள். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவித் தடவி ஏற்றுவது. அந்தப் பளபளப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். கை கழுவும் சானிடைசர் ஒரு சொட்டு போதும், கரைந்துவிடும். பெருமையை மடித்து வைத்தேன்.

ஆசாரி சன்மைக்கா என்றார். பிசினில் தோய்த்த காகித அடுக்குகளைச் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. மேல்பரப்பு கீறலைத் தாங்கும். ஆனால் அதற்கு நோய் ஓரத்தில்தான். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் என் மேசை சன்மைக்காதான். நடுவில் கடைசிவரை புதுசு, முழங்கை படும் ஓரம் மட்டும் பிளந்து நிற்கும். கோப்பு கட்டும் நாடாவை அதில் செருகி வைத்திருந்தேன். மேசையின் நடுவில் யார் கை வைக்கிறார்கள்?

பேரன் அச்சடித்த வினைல் ஸ்டிக்கர் என்றான். பக்கவாட்டுக்குச் சரி. தினமும் பத்துக் கைகள் தேய்க்கும் இடத்தில் மூலை கிளம்பிவிடும்.

கடைசியில் நாமக்கல் போனோம். 1997 வரை நம் மாவட்டமாகவே இருந்த ஊர், லாரிக்கு பாடி கட்டுவதில் பெயர் எடுத்த ஊர். பட்டறையில் ஒரு பெயிண்டர் சொன்னார்: “கண்ணுக்கு அடிக்கற பெயிண்ட் வேறங்க, கைக்கு அடிக்கறது வேறங்க.” வெயிலிலும் மழையிலும் ஓடும் லாரியில் பூச்சு நிற்கிறது என்றால் வேலை பூச்சுக்கு அடியில் இருக்கிறது. உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பட்டி, மறுபடி தேய்ப்பு, பிறகு மெல்லிசாகப் பல பூச்சு. இப்போது பி.யூ. என்னும் பாலியூரித்தேனில் ஹார்டனர் கலந்து அடிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து வினைபுரிந்து இறுகுவதால் வியர்வைக்கும் எண்ணெய்க்கும் எளிதில் இளகாது. ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்கு ஆகாது. வீட்டுக்குள் அடிக்காதீர்கள், தக்க முகமூடியோடு, வெளியிடத்தில், தெரிந்தவர் கையால் ஆகட்டும்.

அப்படியே செய்தோம். கொதிநீர் தாங்கும் ரக ப்ளைவுட், ஓரமெல்லாம் அடைப்பு. அடியில் ரப்பர் கால்கள், தண்ணீர் தொடாதபடி. முன் விளிம்பில் பழைய கம்பெனிப் பெட்டிகளில் இருந்ததுபோல் பிளாஸ்டிக் பட்டை. சாய்வுப் பலகைக்கு மட்டும் பி.யூ. பிறகு முழுசாகப் பதினைந்து நாள் யாரையும் தொட விடவில்லை. பிள்ளைகள் தினம் வந்து “காஞ்சிருச்சா தாத்தா?” என்று கேட்டுப் போனார்கள்.

விளையாட்டுச் சாமானுக்கு இத்தனையா என்றார் ஒரு நண்பர். நம் வீடுகளைப் பாருங்கள். யாரும் தொடாத ஷோகேஸுக்கு உயர்ந்த பாலிஷ். தினம் உட்காரும் ஸ்டூலுக்கும் பிள்ளை எழுதும் பலகைக்கும் மிச்சமான பெயிண்ட். இதைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் கட்சி. பூச்சு வாங்குமுன் கடைக்காரர் காட்டும் கலர் அட்டையைப் பார்க்காதீர்கள். அந்தச் சாமானில் கை எங்கே படும், தண்ணீர் எங்கே தேங்கும் என்று பாருங்கள். கெட்டால் நம் ஊரிலேயே சரிசெய்ய ஆள் உண்டா என்றும் கேளுங்கள்.

இப்போது குச்சிக்குப் பக்கத்தில், இடது உள்ளங்கை படும் இடம் லேசாக மங்கியிருக்கிறது. உரியவில்லை. தேய்த்து இன்னொரு பூச்சு கொடுக்கலாம் என்கிறார் நாமக்கல் பெயிண்டர். முழுப்பரீட்சை லீவு முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இந்த முறை அவசரமில்லை.