வரிக்காகப் பிறந்த மாநகராட்சி
1607-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் உள்ள ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர், 1619-லேயே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட பேரவையைக் கூட்டினர். 1639-ல் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் சென்னையில் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி அப்படிச் செய்யவில்லை. மக்கள் வரியை எதிர்த்தபோது, ஊர்ப்பிரமுகர்களைக் கொண்டே வசூலிக்கலாம் என்ற கணக்கில்தான் 1687 டிசம்பர் 30-ல் மாநகராட்சிக்குச் சாசனம் தந்தது. அது 1688 செப்டம்பர் 29-ல் செயல்படத் தொடங்கியது. அப்போதைய ஆளுநர் எலிஹு யேலும் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர்தான். முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன் அங்குள்ள கனெக்டிகட்டில் பிறந்தவர். மன்றத்தின் மூத்த உறுப்பினர்களான 12 ஆல்டர்மேன்களில் இந்துக்கள், யூதர்கள், போர்த்துகீசியர் எனப் பலரும் இருந்தனர். ஆனால் முதல் மன்றத்தைக் கம்பெனியே நியமித்தது, மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வர்ஜீனியாவிலும் வாக்குரிமை குடியேறிய ஆண்களுக்கு மட்டுமே. பூர்வகுடிகளுக்கும் அடிமைகளுக்கும் இல்லை. எல்லோருக்குமான வாக்குரிமை இரு மண்ணிலும் நெடுங்காலம் போராடிப் பெற்றது. அப்படியிருந்தும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்காமல், சென்னை மாநகராட்சியை அதிகாரிகளே நடத்தினர். மக்கள் வரியை மட்டும் கட்டினர். உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது அரசின் சலுகை அல்ல, கடமை. அதைத் தள்ளிப்போட எந்த அரசுக்கும் இடம் தரக் கூடாது.