ரஜாய் போர்த்திய கருவி

ஆபீசில் தினம் தவறாமல் ரெஜிஸ்தர் எழுதுகிற ஆசாமிகள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. காரணம், அன்டார்க்டிகா.

அங்கே ஹாலி பே என்று ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சி நிலையம். 1956-ல் போட்டார்கள். அங்கே விடாமல் நடந்த வேலைகளில் ஒன்று, தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் என்று அளந்து எழுதி வைப்பது. டாப்ஸன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு விஞ்ஞானி 1920-களில் யோசித்த கருவி. சங்கதி சிம்பிள். சூரியனின் புற ஊதாக் கதிர்களில் ஒரு அலைநீளத்தை ஓசோன் நிறைய விழுங்கும், இன்னொன்றைக் கொஞ்சம்தான். கீழே வந்து சேர்கிற இரண்டையும் ஒப்பிட்டால் மேலே உள்ள ஓசோன் கணக்கு கிடைத்துவிடும். (ஆரம்பக் கருவிகளில் ஒன்று 1928 வாக்கில் கொடைக்கானலுக்கே வந்தது. ஹனிமூன் போய் வந்த யாரும் என்னிடம் இதைச் சொன்னதில்லை!) ஹாலியில் குளிருக்காகக் கருவிக்கு ரஜாய் போர்த்தி விடுவார்கள்.

மொத்த ஓசோனையும் தரைக்கு இறக்கிப் பூஜ்ய டிகிரியில் பரப்பினால் மூன்று மில்லிமீட்டர் கனம்தான். 300 டாப்ஸன் யூனிட். நம் தோலுக்கு இருக்கிற குடை அவ்வளவே.

எழுபதுகளின் கடைசியிலிருந்து அக்டோபர் மாதங்களில் அந்த 300 இறங்க ஆரம்பித்தது. கிழட்டுக் கருவி மக்கர் பண்ணுகிறதோ என்று ஜோ ஃபார்மனுக்குச் சந்தேகம். வேறு கருவி வைத்தார்கள். அதுவும் அதையே சொன்னது. 1984-ல் கிட்டத்தட்ட 200. 1985 மே மாதம் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் 'நேச்சர்' இதழில் எழுத, உலகம் ஆடிப்போனது.

வேடிக்கை என்னவென்றால், நாஸாவின் நிம்பஸ்-7 சாட்டிலைட் 1978 முதலே மேலே சுற்றிக்கொண்டிருந்தது. 180-க்குக் கீழே வந்த எண்களை கம்ப்யூட்டர் புரோகிராம் 'சந்தேகம்' என்று முத்திரை குத்தி ஓரங்கட்டியிருந்தது. தூக்கி எறிந்துவிட்டது என்பது டீக்கடைக் கதை. பைல் பென்டிங்கில்தான் இருந்தது, நம்ம ஆபீஸ் மாதிரி! எடுத்துப் பார்த்தால், ஓட்டை ஹாலிக்கு மேல் மட்டுமில்லை, அன்டார்க்டிகா கண்டத்துக்கே.

1987 செப்டம்பர் 16, மான்ட்ரியலில் ஒப்பந்தம். ஃப்ரிட்ஜிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் இருந்த குளோரோஃப்ளூரோகார்பன்களைப் படிப்படியாக நிறுத்தினார்கள். அன்டார்க்டிகா ஓசோன் 1980-ல் இருந்த அளவுக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்கிறது 2022-ல் முடிந்த ஐ.நா. மதிப்பீடு.

அதற்குள் பல ரஜாய்கள் கிழியும்.