பேருருவ மயக்கம் பித்தன்று

அரக்கரும் பூதங்களும் உலவும் கதைகளைக் கண்டாலே முகம் சுளிப்போர் கற்றோரிடையே பலராவர். அறிவியல் வளர்ந்த காலத்தில் இத்தகைய கதைகள் எதற்கு என்பது அவர்தம் முதற்கேள்வி. பேருருவத்தின்பால் மனிதன் கொள்ளும் ஈர்ப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, அது மனக்கோளாறு என்று ஒரே சொல்லில் தீர்ப்பு வழங்கிவிடுவர். முன்னது குழந்தையை அறியாதார் கூற்று. பின்னது மனித மனத்தையே அறியாதார் கூற்று.

பிறந்த குழந்தையின் நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். எடை 3 கிலோகிராம். அதனை அள்ளி அணைக்கும் தாயோ அதனினும் மூன்று மடங்கு உயரமும் பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட எடையும் உடையவள். பூதங்களின் நடுவே வாழ்வைத் தொடங்காத மனிதன் எவன்? சோறூட்டிய கையும் பேருருவின் கை. அடிக்க ஓங்கிய கையும் பேருருவின் கை. அன்பும் அச்சமும் ஒரே வேரில் முளைத்த நிலை அது. குழந்தையின் கண்ணுக்குப் பெரியோரே பூதங்கள் என்பதையும், சிறியவன் தன் மதியால் பூதத்தை வெல்லும் கதை அதற்கு நம்பிக்கை ஊட்டுகிறது என்பதையும் உளவியலறிஞர் புருனோ பெட்டல்ஹைம் 1976இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தார்.

இலக்கியமும் இதற்குச் சான்று பகரும். ஜோனதன் சுவிப்ட் 1726இல் வெளியிட்ட கல்லிவரின் பயண நூலில், மனிதரைவிடப் பன்னிரு மடங்கு பெரியோர் வாழும் நாடொன்று வருகிறது. அங்கே ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, நாற்பதடி உயரத்தினள், கல்லிவரைத் தொட்டிலிற் கிடத்திப் பேணுகிறாள். அவளிடம் அவன் காண்பது தாய்மை. அரண்மனைப் பெண்டிரின் தோலை மிக அருகிற் காணும்போதோ அவனுக்கு அருவருப்பே மிகுகிறது. பிரெஞ்சுக் கவிஞர் போதலேரோ, 1857இல் வெளிவந்த தம் கவிதைத் தொகுப்பில், பேருருவ நங்கை ஒருத்தியின் நிழலில், மலையடிவாரத்துச் சிற்றூர் போல் உறங்க விழைகிறார். ஒருவர்க்கு வெறுப்பானது மற்றவர்க்கு விருப்பாயிற்று. எனினும் இருவரும் சென்று சேர்ந்த இடம் மடியிற் கிடக்கும் மதலையின் இடமே. இவ்வீர்ப்பு முழுவதும் காமமே என்பார்க்கு இது விடையாகும். அக்கவிதையில் காமம் இல்லையென்று எவரும் சொல்லார். ஆயின் அதன் முடிவில் வேண்டப்படுவது உறக்கம் அன்றோ?

கம்பனும் இதனை அறிந்தவனே. சுந்தர காண்டத்து உருக்காட்டு படலத்தில் அனுமன் விண்ணளாவ வளர்ந்து நிற்கிறான். துணையற்றிருந்த சீதைக்கு அத்தோற்றம் பேராறுதல். ஆயினும் அவள் அஞ்சி, அவ்வுருவை அடக்குமாறு வேண்டுகிறாள். தன்னைக் காக்க வந்த பெருமையே தன்னை அச்சுறுத்தவும் செய்யும் என்ற இவ்வுண்மையை விளக்காமல் அப்படலத்தைக் கற்பிப்பது எங்ஙனம்?

இம்மயக்கத்தில் தீங்கே இல்லையோ எனின், உண்டு. ஆயின் அது கதையில் இல்லை. கதை படித்தவன் ஏட்டை மூடியதும் தன் அளவுக்குத் திரும்புகிறான். உயிருள்ள மனிதனைப் பூதமாக்கி அவன் காலடியில் தன் அறிவைக் கிடத்துவோன் திரும்புவதில்லை. பிராக் நகரில் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற ஸ்டாலின் சிலை 1955இல் திறக்கப்பட்டு 1962இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதனை எழுப்பியோர் தம் கொள்கை அறிவியல் வழிப்பட்டது என்றே முழங்கியவர்கள். பூதக் கதைகளை நம்பாதவரும் பூதங்களைப் படைத்தனர். தன் மனத்துள் உறையும் சிறு குழந்தையை அறியாதவனுக்குப் பகுத்தறிவுப் பேச்சு மட்டும் காப்பாகாது.

ஆதலின், மாணவன் தன் கட்டுரையில் பூதமொன்றைப் படைத்தால், ஆசிரியர் சிவப்பு மையால் அதனை அடித்தல் தகாது. அப்பூதத்தின் கை அணைக்கிறதா, அடிக்கிறதா, அதன் முன் நிற்கும் சிறியவன் என்ன செய்கிறான் என்று கேட்டல் வேண்டும். ஏட்டிலே பூதத்தை அளந்து பழகிய மாணவன், நாளை நாட்டிலே எழும் பூதங்களையும் அளந்தறிவான்.